“சக்சஸ்ஃபுல்” என்று வந்த ரிட்டர்ன் எப்படிச் செல்லாமல் போனது?

2024 மே மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். முதலிபாளையம் சிட்கோவுக்குப் பக்கத்தில் தையல் காண்ட்ராக்ட் எடுத்து நடத்தும் என் மாமா போன் பண்ணினார். எங்கள் ஊரில் சனிக்கிழமை மதியம் காண்ட்ராக்டர் யாரும் சும்மா போன் பண்ண மாட்டார்கள். அன்றைக்குத்தான் டெய்லர்களுக்குச் சம்பளம் போட வேண்டும்.

“ஏனுங் மாப்ள, கம்பெனியில இந்த வாரம் பில்லுல 6,000 ரூவா புடிச்சுட்டாங்க. எப்பவும் 1,200தானே புடிப்பாங்க. கேட்டா, ‘நீங்க ஐடி ரிட்டர்ன் போடலை, அதனால 5 பர்சன்ட்’ங்கறாங்க. நாந்தான் வருசா வருசம் போடறனே!”

அவர் சொன்னது உண்மை. 2023 ஜூலை 28-ஆம் தேதியே ரிட்டர்ன் போட்டிருந்தார். ஆதார் ஓடிபி கொடுத்து சரிபார்ப்பும் அன்றைக்கே முடிந்துவிட்டது. ‘சக்சஸ்ஃபுல்’ என்று பச்சைக் கலரில் வந்த ஒப்புகைச் சீட்டைப் பிரிண்ட் எடுத்து, ஃபைலில் போட்டு, பீரோவில் வைத்திருந்தார். ஆனால் போர்ட்டலைத் திறந்து பார்த்தால், அந்த ரிட்டர்னுக்கு நேராக ‘செல்லாதது’ என்று இருந்தது.

போட்ட ரிட்டர்ன் போடாத ரிட்டர்னாக எப்படி மாறும்? அதைத் தேடிப் போனதில் கிடைத்த குறிப்புகள்தான் இவை. நான் ஆடிட்டர் இல்லை. வீட்டில் ஒரு பிரச்சினை வந்ததால் சட்டத்தை எடுத்துப் படித்தவன், அவ்வளவுதான்.

செக்கிங் டேபிளா, ஷிப்மென்ட்டுக்கு அப்புறமா?

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும். பீஸில் ஓட்டை இருந்தால் செக்கிங் டேபிளிலேயே பிடித்து ஆல்ட்ரேஷனுக்கு அனுப்பிவிட்டால் நஷ்டம் சின்னது. அதே பீஸ் பேக் ஆகி, கன்டெய்னர் ஏறி, பையர் குடோனில் போய் மாட்டினால் டெபிட் நோட் வரும். தப்பு ஒன்றுதான். அது எங்கே பிடிபடுகிறது என்பதில்தான் செலவு இருக்கிறது.

அமெரிக்காவில் மின்தாக்கல் பெரும்பாலும் செக்கிங் டேபிள் முறை. ரிட்டர்னை அனுப்பினால் ஓரிரு நாளில் ‘ஏற்றோம்’ அல்லது ‘நிராகரித்தோம்’ என்று பதில் வந்துவிடும். நிராகரித்தால் கூடவே ஒரு கோடு வரும். உதாரணமாக ஐஎன்டி-031-04 என்றால், போன வருட வருமானம் என்று நீங்கள் கொடுத்த எண் அவர்கள் பதிவோடு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். திருத்தி 5 நாளுக்குள் மறுபடி மின்வழியில் அனுப்பி அது ஏற்கப்பட்டால், முதலில் கெடுவுக்குள் அனுப்பிய ரிட்டர்ன் கெடுவுக்குள் வந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். நிராகரிப்பு அங்கே சத்தமாக, சீக்கிரமாக வந்துவிடும்.

நம் ஊரில் வாசலில் நிறுத்துவது கொஞ்சம். உள்ளே விட்டுவிட்டு, பல மாதம் கழித்துக் கூப்பிடுவது அதிகம். அதனால்தான் ‘சக்சஸ்ஃபுல்’ என்ற வார்த்தையை நம்பி நாம் ஃபைலை மூடிவிடுகிறோம்.

திரும்பி வருவது எத்தனை விதம்?

பேச்சில் எல்லாவற்றையும் ‘ரிஜெக்ட் ஆயிருச்சு’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் நான்கு விதம் இருக்கிறது. நான்குக்கும் மருந்து வேறு வேறு.

முதலாவது, அப்லோடு செய்யும்போதே நிற்பது. ஒவ்வொரு ஐடிஆர் படிவத்துக்கும் வருமான வரித் துறை சரிபார்ப்பு விதிகளின் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. அதில் ‘ஏ’ வகை விதியில் தப்பினால் ஃபைல் உள்ளேயே போகாது. கூட்டல் தப்பு, கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டம் காலி என்பது மாதிரியான தவறுகள் இவை. ‘பி’ வகையில் தப்பினால் ஃபைல் உள்ளே போகும், ஆனால் ‘இது குறைபாடுள்ள ரிட்டர்னாகக் கருதப்படலாம்’ என்று எச்சரிக்கை வரும். ‘டி’ வகையில், ரிட்டர்ன் போகும், நீங்கள் கேட்ட ஒரு கழிவு மட்டும் கிடைக்காமல் போகலாம். இந்த எச்சரிக்கையைப் பார்க்கிற ஆள் யார்? ரிட்டர்ன் போட்டுத் தருகிறவர். ஜூலை கடைசி வாரத்தில், வரிசையில் 40 பேர் உட்கார்ந்திருக்கும்போது, அவர் அதைப் படிக்காமல் ‘தொடர்க’ அமுக்கிவிட்டால், நமக்குத் தெரியவே தெரியாது.

இரண்டாவது, சரிபார்ப்பு செய்யாமல் விடுவது. அப்லோடு ஆனால் மட்டும் போதாது. ஆதார் ஓடிபியோ, நெட் பேங்கிங்கோ, கையெழுத்துப் போட்ட ஐடிஆர்-வி தாளோ, ஏதாவது ஒரு வழியில் ‘இது நான் போட்டதுதான்’ என்று சொல்ல வேண்டும். இதற்கு முன்பு 120 நாள் கொடுத்தார்கள். 2022 ஆகஸ்ட் 1 முதல் 30 நாள்தான். 30 நாள் தாண்டிச் சரிபார்த்தால், சரிபார்த்த தேதிதான் தாக்கல் செய்த தேதி. ஜூலையில் போட்டது செப்டம்பரில் போட்டதாகிவிடும். தாமதக் கட்டணமும் சேரும். சரிபார்க்கவே இல்லை என்றால் ரிட்டர்னே இல்லை. இது ஒருவர் இருவர் பிரச்சினை இல்லை. 2020 ஜூலையில் மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை போட்டு, 2015-16 முதல் 2019-20 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளில் சரிபார்க்காமல் கிடந்த ரிட்டர்ன்களை அந்த வருடம் செப்டம்பர் 30-க்குள் சரிபார்க்க ஒருமுறை சலுகை கொடுத்தது. 5 வருடத்து ரிட்டர்ன்களுக்கு ஒரே சலுகை என்றால், எத்தனை பேர் ‘போட்டாச்சு’ என்று நினைத்து நிம்மதியாக இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, குறைபாடுள்ள ரிட்டர்ன். 1961-ஆம் வருடத்துச் சட்டத்தில் பிரிவு 139(9). மாமா மாட்டியது இதில்தான்.

நான்காவது, 143(1)(ஏ) பிரிவில் வரும் உத்தேசத் திருத்தம். இது நிராகரிப்பே இல்லை. ‘உங்கள் கணக்கை இப்படி மாற்றப் போகிறோம், 30 நாளுக்குள் பதில் சொல்லுங்கள்’ என்பது. பதில் சொல்லாவிட்டால் அவர்கள் கணக்குப்படி மாற்றிவிடுவார்கள். ஆனால் ரிட்டர்ன் உயிரோடு இருக்கும். மூன்றாவதில் அப்படி இல்லை.

மாமாவின் கணக்கில் என்ன தப்பு?

தையல் காண்ட்ராக்ட் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். துணி கம்பெனியுடையது. வெட்டி, கட்டுக்கட்டாகத் தருவார்கள். காண்ட்ராக்டர் டெய்லர்களை வைத்து ஓவர்லாக், பேட்லாக் அடித்து பீஸாக்கித் தருவார். பீஸுக்கு இவ்வளவு என்று ரேட். கம்பெனி காண்ட்ராக்டருக்கு மொத்தமாக பில் தொகையைக் கொடுக்கும். அதில் மிகப் பெரிய பங்கு சனிக்கிழமை சம்பளமாகப் போய்விடும். மிஞ்சுவதுதான் காண்ட்ராக்டருக்கு.

2022-23 நிதியாண்டில் கம்பெனி மாமாவுக்குக் கொடுத்த பில் தொகை, ஜிஎஸ்டி நீங்கலாக, 62 லட்சம். பிரிவு 194 சி-யின்படி தனிநபர் காண்ட்ராக்டருக்கு 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். அந்த வகையில் 62,000 ரூபாய் அவர் பான் எண்ணில் அரசாங்கத்துக்குப் போயிருந்தது. சம்பளம், கரண்ட், நூல், ஊசி எல்லாம் போக அவருக்கு மிஞ்சியது 4 லட்சத்து 10 ஆயிரம். அந்த வருமானத்துக்கு 87 ஏ தள்ளுபடி போக வரி எதுவும் இல்லை. ஆக, 62,000 ரூபாயும் அவருக்குத் திரும்பி வர வேண்டிய பணம்.

ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவர் என்ன செய்திருந்தார் தெரியுமா? ஐடிஆர் 4 படிவத்தில் ‘மொத்த வரவு’ கட்டத்தில் 4,10,000 என்று போட்டிருந்தார். லாபம் கட்டத்திலும் அதே 4,10,000. டிடிஎஸ் கட்டத்தில் 62,000.

மனசாட்சிப்படி பார்த்தால் இதில் பொய் இல்லை. மாமா கையில் நின்றது அவ்வளவுதான். நானே முதலில் ‘இதில் என்ன தப்பு?’ என்றுதான் நினைத்தேன். ஆனால் கம்ப்யூட்டர் பார்க்கிற கணக்கு வேறு. 26 ஏஎஸ் படிவத்தில் 194 சி-யில் 62 லட்சம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. ஜிஎஸ்டி ரிட்டர்னிலும் மாமா பெயரில் 62 லட்சம். இங்கே மட்டும் 4,10,000. ‘62 லட்சத்துக்குப் பிடித்த டிடிஎஸ்ஸைத் திருப்பிக் கேட்கிறாய், ஆனால் அந்த 62 லட்சத்தைக் கணக்கில் காட்டவில்லையே?’ என்பதுதான் கேள்வி. வருமான வரி விதிகளில் 37 பிஏ என்ற விதி இதைச் சொல்கிறது: எந்த வருமானத்துக்காக டிடிஎஸ் பிடித்தார்களோ, அந்த வருமானம் கணக்கில் வரும் ஆண்டில்தான் டிடிஎஸ் வரவு கிடைக்கும்.

சரியாக எப்படிப் போட்டிருக்க வேண்டும்? பிரிவு 44 ஏடி என்ற உத்தேச வருமான முறையில், மொத்த வரவு 62,00,000. பணம் முழுக்க பேங்க் வழியாக வந்ததால் குறைந்தது 6 சதவீதம், அதாவது 3,72,000, லாபமாகக் காட்ட வேண்டும். ரொக்கமாக வந்திருந்தால் 8 சதவீதம். மாமாவின் உண்மையான லாபம் 4,10,000. அது 3,72,000-க்கு மேலேதான் இருக்கிறது. அதைக் காட்டினால் போதும். வரி பூஜ்யம், ரீஃபண்டு 62,000. ஒரே ஒரு கட்டத்தில் எண் மாறியிருந்தால் பிரச்சினையே இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். லாபம் 6 சதவீதத்துக்கும் கீழே போகிற காண்ட்ராக்டர்கள் உண்டு. அவர்கள் அந்தக் குறைந்த லாபத்தைக் காட்ட வேண்டுமென்றால் கணக்குப் புத்தகமும், பெரும்பாலும் தணிக்கையும் தேவைப்படும். அங்கே நல்ல ஆடிட்டரிடம் போவதே சரி.

பொங்கல் வாரத்தில் வந்த நோட்டீஸ்

குறைபாடு நோட்டீஸ் 2024 ஜனவரி 12-ஆம் தேதி போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை. அடுத்த திங்கள் பொங்கல். திருப்பூரில் அந்த வாரம் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மிஷின் எல்லாம் நின்று, ஊர் பாதி காலியாகிவிடும். நோட்டீஸ் போன ஈமெயில் மாமாவுடையது இல்லை, ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவருடையது. வருடத்துக்கு நூற்றுக்கணக்கான பேருக்கு அதே ஈமெயிலைக் கொடுக்கிறவர் அவர். அதில் வருகிற மெயில் எல்லாவற்றையும் அவர் படித்திருப்பார் என்று எதிர்பார்ப்பதே அதிகம்.

சட்டம் கொடுப்பது 15 நாள். நோட்டீஸ் தெரிவிக்கப்பட்ட தேதியிலிருந்து எண்ண வேண்டும். விண்ணப்பித்தால் கூடுதல் அவகாசம் கிடைக்கலாம். அதற்குள் சரி செய்யாவிட்டால் ரிட்டர்ன் செல்லாது. அதோடு, ரிட்டர்னே தாக்கல் செய்யாதவரைப் போலவே கருதப்படுவார் என்கிறது 139(9). இந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம். ‘தப்பாகப் போட்டவர்’ இல்லை, ‘போடாதவர்’. ஜனவரி 27-ஆம் தேதி மாமா தெரியாமலேயே போடாதவர் ஆகிவிட்டார்.

சரி, மறுபடி போட்டுவிடலாமே? இங்கேதான் காலண்டர் கழுத்தைப் பிடிக்கிறது. அந்த மதிப்பீட்டு ஆண்டுக்குத் தாமத ரிட்டர்ன் போடவோ, திருத்தின ரிட்டர்ன் போடவோ கடைசி நாள் 2023 டிசம்பர் 31. நோட்டீஸ் வந்ததே அதற்கு 12 நாள் கழித்து. ஆனால் துறைக்கு, ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து 9 மாதம் வரை, அதாவது 2024 டிசம்பர் 31 வரை, பரிசீலிக்க நேரம் இருந்தது. நம் கதவு மூடி ஒரு வருடம் வரைக்கும் அவர்கள் கதவு திறந்திருந்தது. டிசம்பருக்குள் நோட்டீஸ் வந்திருந்தால் பழைய ரிட்டர்னை விட்டுவிட்டுத் திருத்தி ஒன்று போட்டுத் தப்பித்திருக்கலாம். ஜனவரியில் வந்ததால் அந்த 15 நாள்தான் கிட்டத்தட்ட ஒரே வழியாக இருந்தது.

2022-இல் வந்த ‘புதுப்பித்த ரிட்டர்ன்’ இருக்கிறதே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் ஓடினேன். அது கூடுதல் வரி கட்டுகிறவர்களுக்கான வழி. ரீஃபண்டு கேட்கவோ, ரீஃபண்டை அதிகமாக்கவோ, வரியைக் குறைக்கவோ அதைப் பயன்படுத்த முடியாது.

இங்கே நின்று கொஞ்சம் யோசித்தேன். வரி கட்ட வேண்டியவர் ரிட்டர்ன் செல்லாமல் போனால், அவர் இன்னும் கட்ட வேண்டும். துறையே தேடி வரும். ஆனால் மாமாவைப் போன்ற ஆளுக்குப் பணம் ஏற்கனவே அரசாங்கத்திடம் இருக்கிறது. அவரைத் தேடி யாரும் வர வேண்டிய அவசியமே இல்லை. ரிட்டர்ன் என்பது அவருக்குக் கடமை என்பதைவிட, சொந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கிற ஒரே வாய். அந்த வாய் மூடினால் சத்தமே வராது.

சத்தம் வந்தது டிடிஎஸ்ஸில்

மாமா விஷயத்தில் சத்தம் வந்ததே ஒரு தண்டனை விதியால்தான். 206 ஏபி என்ற பிரிவு 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருந்தது. ரிட்டர்ன் போடாதவராக இருந்து, அந்த ஆண்டில் டிடிஎஸ், டிசிஎஸ் சேர்ந்து 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால், அவருக்கு இரு மடங்கு அல்லது 5 சதவீதம், எது அதிகமோ அதைப் பிடிக்க வேண்டும். மாமாவின் டிடிஎஸ் 62,000, வரம்பைத் தாண்டுகிறது. 2024 ஏப்ரலில் புது நிதியாண்டுப் பட்டியலில் அவர் பான் வந்துவிட்டது. கம்பெனி அக்கவுண்டன்ட் போர்ட்டலில் சரிபார்த்து, சட்டப்படி 5 சதவீதம் பிடித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது.

வாரம் 1,20,000 ரூபாய் பில் என்றால் 1 சதவீதம் 1,200. 5 சதவீதம் 6,000. மாமாவுக்கு வாரத்துக்கு மிஞ்சுவதே 8,000-க்குக் கொஞ்சம் கீழே. அதில் 4,800 கூடுதலாகப் போனால்? ஏப்ரலில் இருந்து ஜூலை வரை 17 வாரம். ஏறக்குறைய 80,000 ரூபாய் கூடுதலாகப் பிடிபட்டது. அதுவும் அரசாங்கத்திடம் பத்திரமாகத்தான் இருந்தது. அடுத்த ரிட்டர்னில் கேட்டு வாங்கலாம். ஆனால் டெய்லருக்கு ‘உன் சம்பளம் 26 ஏஎஸ்-ல இருக்குது’ என்று சொல்ல முடியுமா? மாமா அத்தையின் நகையை அடகு வைத்தார்.

அந்த ஜூலையில் ரிட்டர்னை நானே உட்கார்ந்து சரியாகப் போட்டேன். கெடு தேதி முடிந்ததும் பட்டியலில் இருந்து பெயர் நீங்கி, பழையபடி 1 சதவீதம் ஆனது. இந்த 206 ஏபி பிரிவு 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு பக்கவிளைவும் உண்டு: இப்போது ரிட்டர்ன் செல்லாமல் போனால், பில்லில் பிடித்தம் கூடி அதைக் காட்டிக்கொடுக்காது. அதனால் நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு அக்காவின் நான்காவது நாள்

இதே ஊரில், எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர் அயர்னிங் யூனிட் வைத்திருக்கிறார். அவருக்கும் குறைபாடு நோட்டீஸ் வந்தது. வித்தியாசம், ரிட்டர்னில் அவருடைய சொந்த ஈமெயிலும் மொபைல் நம்பரும் இருந்தது. நான்காவது நாளே எடுத்துக்கொண்டு வந்தார். “தம்பி, இது நெசமாலுமே கவருமென்ட்டு மெயிலா, இல்ல திருட்டு மெயிலா?” என்றுதான் முதல் கேள்வி. நல்ல கேள்வி. அதற்கு ஒரே பதில்: மெயிலில் உள்ள லிங்கை அமுக்க வேண்டாம். நேராகப் போர்ட்டலுக்குள் போய், ‘நிலுவைச் செயல்கள்’ பகுதியில் ‘இ-புரொசீடிங்ஸ்’ பாருங்கள். உண்மையான நோட்டீஸ் என்றால் அங்கே இருக்கும்.

அவருடைய கணக்கு வேறு விதம். ஜாப் ஒர்க் 24 லட்சம், 5 சதவீத ஜிஎஸ்டி 1,20,000. பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால் அந்தத் தொகைக்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை என்று 2017-லேயே வாரியம் சுற்றறிக்கை கொடுத்திருக்கிறது. ஆனால் வேலை கொடுத்தவர் மொத்தத் தொகைக்கும் பிடித்துவிட்டார். 26 ஏஎஸ்-ல் 25,20,000. ரிட்டர்னில் 24,00,000. இங்கே தப்பு அக்காவுடையது இல்லை.

நோட்டீஸுக்குப் பதில் சொல்ல இரண்டு வழி: ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால், 139(9)-க்குப் பதில் என்று குறிப்பிட்டு, பழைய ஒப்புகை எண்ணும் நோட்டீஸ் விவரமும் கொடுத்து, திருத்திய ரிட்டர்னை ஏற்ற வேண்டும். மாமா செய்திருக்க வேண்டியது இது. ஒப்புக்கொள்ளாவிட்டால், ஏன் என்று காரணம் எழுத வேண்டும். அக்கா இதைச் செய்தார். வித்தியாசம் 1,20,000 ஜிஎஸ்டி என்பதை எண்ணோடு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தொகையையும் குறிப்பிட்டார். ஒரு முறை சமர்ப்பித்த பதிலை மாற்ற முடியாது என்பதால், அனுப்புவதற்கு முன் இரண்டு பேர் படித்தோம். சில வாரத்தில் பணம் வந்தது.

இந்த ஊரில் நான் பார்த்த வேறு காரணங்களும் இருக்கின்றன. மார்ச் 31-ல் கம்பெனி பதிந்த பில்லுக்குப் பணம் ஏப்ரலில் வர, காண்ட்ராக்டர் அதை அடுத்த வருடக் கணக்கில் சேர்ப்பது. ஜாப் ஒர்க் வரவை ‘இதர வருமானம்’ என்று காட்டுவது. சம்பளக்காரர்களுக்கான ஐடிஆர் 1-ஐ காண்ட்ராக்டருக்குப் போடுவது. யூனிட் மனைவி பெயரில் இருக்க, ரிட்டர்ன் கணவர் பெயரில் போவது. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: 26 ஏஎஸ்-ஐயும் ஏஐஎஸ்-ஐயும் முன்னால் வைத்துக்கொள்ளாமல் ரிட்டர்ன் போடுவது.

கதவு மூடின பிறகு

மாமாவின் 62,000 என்ன ஆனது? மதிப்பீடு முடிவதற்குள் குறையைச் சரி செய்தால் தாமதத்தை அதிகாரி மன்னிக்கலாம் என்று 139(9)-லேயே ஒரு இடம் இருக்கிறது. அதைத் தாண்டி இருக்கும் கதவு பிரிவு 119(2)(பி). உண்மையான கஷ்டம் இருந்தால், கெடு தாண்டிய ரீஃபண்டு கோரிக்கையை ஏற்க அனுமதிக்கும் அதிகாரம் அது. 2024 அக்டோபர் 1-ஆம் தேதி வாரியம் இதற்குப் புதிய சுற்றறிக்கை வெளியிட்டது. 1 கோடி ரூபாய் வரையான கோரிக்கையை முதன்மை ஆணையரே தீர்மானிக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முடிந்தவரை 6 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். தாமதமாகக் கேட்ட ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது.

அந்த நவம்பரில் விண்ணப்பித்தோம். 26 ஏஎஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், நோட்டீஸ் போன ஈமெயில் யாருடையது என்ற விவரம், நடந்ததைச் சொல்லும் ஒன்றரைப் பக்கக் கடிதம். 2025 ஏப்ரலில் அனுமதி உத்தரவு வந்தது. போர்ட்டலில் 119(2)(பி)-ஐத் தேர்ந்தெடுத்து, உத்தரவு விவரத்தைக் கொடுத்து ரிட்டர்னை மறுபடி போட்டோம். பணம் வந்துவிட்டது, வட்டியில்லாமல். நகைக்கு மாமா கட்டிய வட்டி தனிக்கணக்கு.

எப்போதும் தப்பு நம் பக்கம்தான் என்றும் நினைக்க வேண்டாம். மையப் பரிசீலனை மையத்தால் தவறாகச் செல்லாததாக்கப்பட்ட சரியான ரிட்டர்ன்கள் இருந்ததை வாரியமே ஒத்துக்கொண்டு, 2025 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை போட்டது. 2024 மார்ச் 31 வரை மின்தாக்கல் ஆன அப்படிப்பட்ட ரிட்டர்ன்களைப் பரிசீலித்து 2026 மார்ச் 31-க்குள் தகவல் அனுப்பக் கால வரம்பைத் தளர்த்தியது. செல்லாதது என்று வந்தால், அது சரியான முடிவுதானா என்று கேட்கவும் நமக்கு இடம் இருக்கிறது.

2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்தின் நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. மேலே சொன்ன பிரிவு எண்கள் பழைய சட்டத்துடையவை. முந்தைய வருடங்களின் விவகாரங்களுக்கு அவைதான் பொருந்தும்.

இப்போது எங்கள் வீட்டில்

நாங்கள் ஐந்து விஷயம் வைத்திருக்கிறோம். ரிட்டர்னில் சொந்த ஈமெயில், சொந்த மொபைல். ரிட்டர்ன் போட்டுத் தருகிறவருடையது இரண்டாவதாக இருக்கட்டும். போடுவதற்கு முன் 26 ஏஎஸ் மொத்தமும், ஜிஎஸ்டி மொத்தமும், ரிட்டர்னில் போகும் மொத்த வரவும் ஒரே தாளில் எழுதி ஒப்பிடுவது. 30 நாளுக்குள் சரிபார்ப்பு, முடிந்தால் அன்றைக்கே. 143(1) தகவல் வரும் வரை மாதம் ஒரு முறை போர்ட்டலில் நிலை பார்ப்பது. டிசம்பர் முதல் வாரத்தில் கட்டாயம் ஒரு முறை.

ஒப்புகைச் சீட்டு என்பது கம்பெனி கேட்டில் கொடுக்கிற இன்வர்டு சீல் மாதிரி. சரக்கு உள்ளே வந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. பாஸ் ஆனது என்பதற்குச் சாட்சி 143(1) தகவல்.

மாமா இப்போது பட்டன் டப்பாவுக்கு மேலே ஒரு காலண்டர் மாட்டியிருக்கிறார். மாதத்தின் முதல் சனிக்கிழமையைச் சுற்றி சிவப்புப் பேனாவில் வட்டம். சம்பளம் போட்டு முடித்ததும் போனை எடுத்து என்னிடம் நீட்டுவார். “மாப்ள, அந்த ஐடிக்குள்ள போய் என்ன சொல்லுதுன்னு பாருங்க.” பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. அது தெரிந்த பிறகுதான் டீ சொல்வார்.